பழைய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரிவால்வர்: பார்த்து, அளந்து, விலை பேசி வாங்குவது எப்படி

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரிவால்வரை செகண்ட் ஹேண்டில் வாங்கப் போகிறவரை முதலில் ஏமாற்றுவது அதன் பளபளப்புதான். நீலம் ஏற்றிய (எஃகின் மேல் கருநீல மெருகு கொடுத்த) துப்பாக்கி தன் வயதை மறைக்காது. உறையில் உரசிய இடம் வெளுத்துப் போயிருக்கும், வியர்வை பட்ட இடத்தில் பழுப்பு ஏறியிருக்கும். ஸ்டெயின்லெஸ்ஸில் அந்த அடையாளங்களை அழிப்பது சுலபம். ஒரு டப்பா மெட்டல் பாலிஷும் அரைநாள் பொறுமையும் இருந்தால் முப்பது வருடத் துப்பாக்கியைக்கூட நேற்று பெட்டியிலிருந்து எடுத்ததுபோல் ஆக்கிவிடலாம். உள்ளே தேய்ந்தது மட்டும் தேய்ந்தபடியே இருக்கும். எனவே நீங்கள் கொடுக்கும் காசு உள்ளே இருக்கும் இயந்திரத்துக்கான காசாக இருக்க வேண்டும். அந்த இயந்திரத்தைப் படிக்கக் கற்றுக்கொள்வது கஷ்டமில்லை. கடை கவுண்டரில் பத்து நிமிடத்தில் முடிகிற வேலை.

அமெரிக்காவில் சட்டப்படி முதன்முதலாகப் பழைய ரிவால்வர் வாங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பேச்சு முழுக்க ஒரே மாடலைச் சுற்றியே இருக்கும்: ஸ்மித் அண்ட் வெஸன் 686, .357 மேக்னம், நான்கு அங்குல பேரல் (குழல்). 1980களின் தொடக்கத்திலிருந்து தயாரிப்பில் இருப்பதால் சந்தையில் தாராளமாகக் கிடைக்கிறது, உறுதியானது, .38 ஸ்பெஷல் தோட்டாவையும் ஏற்கும். இதைப் பார்க்கத் தெரிந்தால் மற்றவற்றையும் கிட்டத்தட்ட பார்க்கத் தெரிந்த மாதிரிதான். எங்கே வேறுபடுமோ அங்கே சொல்கிறேன்.

முதலில் சட்டம்

இதில் தவறினால் துப்பாக்கி நல்லதா கெட்டதா என்ற கேள்விக்கே இடமில்லை. உரிமம் பெற்ற வியாபாரியிடம் கைத்துப்பாக்கி வாங்க, கூட்டாட்சிச் சட்டப்படி 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். 4473 என்ற படிவத்தை நிரப்பி, பின்னணிச் சோதனையில் தேற வேண்டும். வேறு மாநிலத்தில் இருக்கும் துப்பாக்கியை நேரடியாக உங்கள் வீட்டுக்கு வரவழைக்க முடியாது. உங்கள் மாநிலத்தில் உள்ள ஓர் உரிம வியாபாரிக்கு அது வந்து, அவர் வழியாகத்தான் உங்கள் கைக்கு மாறும். இதற்கு மேல் மாநிலச் சட்டம் வேறு. நியூ ஜெர்சியில் கைத்துப்பாக்கி வாங்கத் தனி அனுமதிச் சீட்டு வேண்டும், இல்லினாயில் அடையாள அட்டை வேண்டும், கலிஃபோர்னியாவில் பத்து நாள் காத்திருக்க வேண்டும். காசு கொடுப்பதற்கு முன்பே உங்கள் மாநில விதியைப் படித்துவிடுங்கள்.

நம்மவர்கள் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வாங்குவதற்கும் வைத்திருப்பதற்கும் பொதுவாகத் தடை இருக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. விசாவில் இருக்கும் நண்பருக்காக உங்கள் பெயரில் வாங்கிக் கொடுப்பது மத்தியச் சட்டப்படி குற்றம். எவ்வளவு நெருங்கிய நண்பராக இருந்தாலும் செய்யாதீர்கள்.

சீரியல் எண் சுரண்டப்பட்டோ அழிக்கப்பட்டோ இருந்தால் அந்த நிமிடமே துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். அதை வைத்திருப்பதே குற்றம்.

எதைப் பார்க்கிறோம் என்று தெரிய வேண்டும்

வழக்கமான தயாரிப்பில் வந்த முதல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரிவால்வர் ஸ்மித் அண்ட் வெஸன் மாடல் 60. வந்த ஆண்டு 1965. அதற்குப் பிறகு அந்தக் கம்பெனி தன் ஸ்டெயின்லெஸ் ரிவால்வர்களுக்கு ஆறில் தொடங்கும் எண்களையே வைத்தது: 64, 66, 617, 629, 686. பழைய மாடல்களில் இது உங்களுக்குக் கைகொடுக்கும். எண் 19 அல்லது 586 என்று இருந்து, துப்பாக்கி வெள்ளையாக மின்னினால் அது ஸ்டெயின்லெஸ் அல்ல, நிக்கல் முலாம். நிக்கலில் லேசான மஞ்சள் சாயல் தெரியும். ஸ்டெயின்லெஸ் சாம்பல் கலந்த வெள்ளை. முலாம் உரிய ஆரம்பித்தால் அதைச் சரிசெய்யச் செலவாகும், அதனால் இரண்டுக்கும் ஒரே விலை கொடுக்கக் கூடாது.

காந்தத்தை ஒட்டிப் பார்த்து ‘இது ஸ்டெயின்லெஸ்ஸே இல்லை’ என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நம் சமையலறை எவர்சில்வர் பாத்திரம் பெரும்பாலும் காந்தத்தில் ஒட்டாது, உண்மைதான். துப்பாக்கிக்கான ஸ்டெயின்லெஸ் வேறு வகை. வெப்பத்தில் பதப்படுத்தி இறுக்கக்கூடிய 400 வரிசை எஃகு அது, காந்தத்தில் நன்றாகவே ஒட்டும். அதே காரணத்தால் அது பாத்திர எஃகைவிடச் சீக்கிரம் துருவும் பிடிக்கும். ‘துருப்பிடிக்காத’ என்ற பெயரை நம்பி முப்பது வருடம் எண்ணெய் போடாமல் விட்ட துப்பாக்கிகள் சந்தையில் நிறைய இருக்கின்றன.

686ஐக் கையில் வாங்கி, தோட்டா போடும் சுழல் உருளையான சிலிண்டரைத் திறந்தால், அதைத் தாங்கும் கை துப்பாக்கியின் உடலான ஃப்ரேமில் வந்து படியும் குழிவில் மாடல் எண் பொறித்திருக்கும். எண்ணுக்குப் பின்னால் ஒரு கோடும் இலக்கமும் இருக்கலாம்: 686-1, 686-4 என்று. அது எந்தக் காலத் தயாரிப்பு, என்ன மாற்றம் செய்தார்கள் என்பதற்கான குறி. புதிதாக வாங்குபவருக்கு மூன்று விஷயம் தெரிந்தால் போதும்.

கோடு இல்லாத 686, அப்புறம் 686-1. இவற்றில், தோட்டாவின் அடியில் குத்தி அதை வெடிக்கவைக்கும் ஊசி வெளிவரும் இடத்தில் ஒரு குறை இருந்தது. சில வகைத் தோட்டாக்களில் அடிப்பகுதியின் உலோகம் அந்தத் துளைக்குள் பிதுங்கி, சிலிண்டர் சுற்ற முடியாமல் மாட்டிக்கொண்டது. 1987இல் கம்பெனியே திரும்பப் பெற்றுச் சரிசெய்துகொடுத்தது. சரிசெய்தவற்றில் மாடல் எண்ணுக்குப் பக்கத்தில் எம் என்ற ஆங்கில எழுத்து அடித்திருக்கும். அந்த எழுத்து இல்லாத ஆரம்பகாலத் துப்பாக்கியை வாங்கக் கூடாது என்பதில்லை. ஆனால் அந்த வேலை இன்னும் பாக்கி என்று விலையில் கணக்கு வையுங்கள்.

686-4 வரை ஊசி, ட்ரிகரை இழுத்ததும் பின்னாலிருந்து வந்து அடிக்கும் ஹேமரிலேயே பொருத்தியிருக்கும். 1990களின் கடைசியில் வந்த 686-5இலிருந்து ஊசி ஃப்ரேமுக்குள் போய்விட்டது. வேலை செய்வதில் பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் பழைய அமைப்பை விரும்பி அதிக விலை கொடுப்பவர்கள் உண்டு.

686-6, அதாவது 2001க்குப் பின், இடது பக்கம் சிலிண்டர் திறக்கும் பொத்தானுக்கு மேலே ஒரு சின்னச் சாவித் துளை வந்தது. உள் பூட்டு. இந்தத் துளை இல்லாத பழையவற்றுக்குச் சந்தையில் கூடுதல் மதிப்பு. முதல் துப்பாக்கி வாங்கும் ஒருவர் இதற்காக அதிகம் கொடுக்கத் தேவையில்லை என்பது என் கருத்து. சேகரிப்பாளர்களின் ஆசைக்கு நீங்கள் ஏன் விலை கொடுக்க வேண்டும்?

மற்ற கம்பெனிகளில், ரூகர் ஜிபி100 இதே அளவில் இதைவிடவும் தடிமனாகக் கட்டிய நல்ல துப்பாக்கி. ரூகரின் பழைய செக்யூரிட்டி-சிக்ஸ் அருமையானது, ஆனால் தயாரிப்பு 1980களிலேயே நின்றுவிட்டதால் உதிரிப் பாகம் கிடைப்பது சிரமம். கோல்ட் பைத்தான், கிங் கோப்ரா போன்றவற்றின் பழைய பதிப்புகளைப் புதியவர்கள் இப்போதைக்குத் தொட வேண்டாம். அவற்றின் விலையை முடிவுசெய்வது சேகரிப்பாளர்கள், அவற்றைச் சரிசெய்யத் தெரிந்தவர்களும் குறைவு.

கொண்டுபோக வேண்டியவை

ஆட்டோ பாகங்கள் விற்கும் கடையில் கிடைக்கும் ஃபீலர் கேஜ் ஒன்று. இடைவெளிகளை அளக்கும் மெல்லிய தகடுகளின் கட்டு அது, சில டாலர்தான். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்றரை, இரண்டு என்று மெல்லிய தகடுகளும் இருக்கிற கட்டாகப் பாருங்கள். கூடவே பேனா அளவு டார்ச், ஒரு வெள்ளைக் காகிதத் துண்டு, .357 அளவு ஸ்னாப் கேப் ஆறு (மருந்தில்லாத போலித் தோட்டா), துடைக்க ஒரு துணி. உண்மையான தோட்டாவைக் கடைக்குள் எடுத்துச் செல்லாதீர்கள்.

கையில் வாங்கியதும்

கடைக்காரர் திறந்து காட்டியே கொடுத்திருந்தாலும் நீங்களும் ஒருமுறை பார்க்க வேண்டும். குழலை ஆளில்லாத பக்கம் திருப்பி, விரலை ட்ரிகரிலிருந்து எடுத்து, சிலிண்டரைத் திறந்து ஒவ்வொரு அறையாகப் பாருங்கள். ஸ்மித்தில் பொத்தானை முன்னால் தள்ள வேண்டும், ரூகரில் உள்ளே அழுத்த வேண்டும், கோல்ட்டில் பின்னால் இழுக்க வேண்டும்.

அப்புறம் அனுமதி கேளுங்கள். “ஹேமரை இழுத்துப் பார்க்கலாமா, ஸ்னாப் கேப் போட்டு ட்ரிகரை அழுத்தலாமா, இடைவெளி அளக்கலாமா?” மரியாதையாகக் கேட்டால் நல்ல கடைக்காரர் மறுக்க மாட்டார். எதையுமே செய்யக் கூடாது என்று ஒருவர் சொன்னால் அவருடைய உரிமை அது. வாங்காமல் வருவது உங்கள் உரிமை.

திரைப்படத்தில் வருவதுபோல் மணிக்கட்டை வீசிச் சிலிண்டரை மூடவே கூடாது. சிலிண்டரைத் தாங்கும் கை வளைந்துவிடும். கண்முன்னே விற்பவரே அப்படி மூடினால் அந்தத் துப்பாக்கியை இன்னும் கவனமாகப் பாருங்கள்.

தோற்றத்தில் படிக்க வேண்டியவை

கம்பெனிப் பெயரும் எழுத்துகளும் பொறித்த இடத்தைச் சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். எழுத்தின் ஓரங்கள் கூராக இருக்க வேண்டும். மழுங்கி, சுற்றிலும் லேசான பள்ளம் விழுந்தது போலிருந்தால் இயந்திரச் சக்கரத்தில் வைத்து பாலிஷ் போட்டிருக்கிறார்கள். ஃப்ரேமின் விளிம்புகள், பக்கத் தகடு ஃப்ரேமோடு சேரும் கோடு இரண்டையும் கூடப் பாருங்கள். தொழிற்சாலையில் வந்த துப்பாக்கியில் அந்தக் கோடு கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியதாக இருக்கும். பாலிஷ் போட்டதில் ஓரம் உருண்டு, கோடு அகலமாகத் தெரியும். இதனால் சுடுவதற்குக் கெடுதல் இல்லை. விலைதான் குறைய வேண்டும்.

பக்கத் தகட்டில் இருக்கும் மூன்று திருகுகளின் பிளவுகளைப் பாருங்கள். ஓரம் கிழிந்து மேடு தட்டியிருந்தால், பொருந்தாத ஸ்க்ரூடிரைவர் வைத்து யாரோ உள்ளே போயிருக்கிறார்கள். தகட்டின் ஓரத்தில் நெம்பிய தழும்பு இருந்தால் அந்த ஆளுக்கு வேலையே தெரியாது என்று அர்த்தம். எனக்கு இந்தத் தழும்பு துருவைவிடக் கவலை தரும் அடையாளம். துரு வெளியே நிற்கிறது. இந்தக் கை உள்ளே போய் என்ன செய்தது என்று தெரியாது.

முடிந்தால் கைப்பிடியைக் கழற்றச் சொல்லுங்கள். ரப்பர் கைப்பிடிக்கு அடியில் வியர்வையும் ஈரமும் தேங்கிக் குழிக்குழியாகத் துரு அரித்திருப்பது ஸ்டெயின்லெஸ்ஸில் சாதாரணம். கைப்பிடி கழன்ற பிறகு இன்னொரு விஷயமும் பார்க்கலாம். பிடியின் முன்பக்கம், கீழே, ஒரு சின்னத் திருகு இருக்கும். ஹேமரைத் தள்ளும் தகட்டு ஸ்பிரிங்குக்கு அழுத்தம் தருவது அதுதான். ட்ரிகர் லேசாக வேண்டும் என்பதற்காக அதைத் தளர்த்தியோ, நுனியை அராவியோ விடுவார்கள். கடையில் ட்ரிகர் வெண்ணெய் மாதிரி இழுபடும். சுடும் இடத்தில் ஆறில் ஒரு தோட்டா வெடிக்காது. திருகு முழுதாக முறுக்கியிருக்க வேண்டும். புதுத் திருகு மலிவுதான், ஆனால் இதைச் செய்தவர் வேறு எதையும் செய்திருக்கக்கூடும் என்ற எச்சரிக்கைக்கு மதிப்பு அதிகம்.

சிலிண்டரின் முன் முகத்தில் ஒவ்வொரு அறையைச் சுற்றியும் கருப்பு வளையம் இருக்கும். சுட்ட அடையாளம். வளையம் இருந்தால் சுட்டிருக்கிறார்கள் என்று தெரியும், எத்தனை சுட்டார்கள் என்று தெரியாது. ஈயம் துடைக்கும் துணியால் தேய்த்தால் ஸ்டெயின்லெஸ்ஸில் அது சுத்தமாகப் போய்விடும். எனவே ‘பாருங்கள், வளையமே இல்லை, சுடவே இல்லை’ என்ற பேச்சுக்குப் பத்து பைசா தர வேண்டாம். சிலிண்டரைச் சுற்றி ஓடும் மெல்லிய கோடும் அப்படித்தான். ஸ்மித்தின் அமைப்பில் அது இயல்பு, அதைக் காட்டி விலை குறைக்கக் கேட்பது நியாயமில்லை.

இயந்திரம்: இங்கேதான் நேரம் செலவிட வேண்டும்

முதலில் டைமிங். ஹேமரை இழுக்கும்போது சிலிண்டர் சுற்றி, அடுத்த அறை குழலுக்கு நேராக வந்து, கீழே இருக்கும் ஒரு சின்னப் பல் சிலிண்டரின் பள்ளத்தில் விழுந்து பூட்ட வேண்டும். இந்தப் பூட்டு, ஹேமர் முழுதாக நிற்பதற்கு முன்பே விழ வேண்டும். சோதிக்கும் விதம் இது. இடது கை விரலை சிலிண்டரின் பக்கத்தில் மிக லேசாக அழுத்தி, தானாக உருண்டு போகாதபடி வைத்துக்கொள்ளுங்கள். வலது கட்டைவிரலால் ஹேமரை மெல்ல, மிக மெல்ல இழுங்கள். முதலில் ‘டிக்’ என்று பல் விழும் சத்தம், அப்புறம் ஹேமர் நிற்கும் சத்தம். இரண்டும் ஒன்றாக வந்தால் பரவாயில்லை. ஹேமர் நின்றபின்னும் சிலிண்டர் பூட்டாமல், விரலால் தள்ளினால்தான் ‘டிக்’ என்றால் அந்த அறைக்கு டைமிங் பிந்துகிறது. ஆறு அறைக்கும் தனித்தனியாகச் செய்யுங்கள். ஐந்து சரியாக இருந்து ஒன்று மட்டும் பிந்துவது அடிக்கடி நடக்கும். பின்பு அதே சோதனையை ட்ரிகரை மெல்ல இழுத்தும் செய்யுங்கள்.

வேகமாக இழுத்தால் சிலிண்டர் தன் வேகத்திலேயே உருண்டு பூட்டிக்கொள்ளும், குறை தெரியாது. விற்பவர் டக் டக்கென்று இழுத்துக் காட்டி ‘கச்சிதமாக இருக்கிறது’ என்பார். மெல்ல இழுப்பதுதான் சோதனை.

இரண்டாவது, பூட்டின் இறுக்கம். ஸ்னாப் கேப் போட்டு, ட்ரிகரை இழுத்து ஹேமர் விழுந்தபின் ட்ரிகரை விடாமல் பிடித்துக்கொண்டு, சிலிண்டரை இடவலமாக அசைத்துப் பாருங்கள். ஸ்மித்திலும் ரூகரிலும் கொஞ்சம் அசைவு இருப்பது இயல்பு. கடகடவென்று ஆடக் கூடாது. பழைய கோல்ட்டில் மட்டும் கதை வேறு: அதில் அசைவே இருக்கக் கூடாது. கோல்ட்டைப் பிடித்துப் பழகியவர் ஸ்மித்தைக் குறைசொல்வதும், ஸ்மித்தில் பழகியவர் தேய்ந்த கோல்ட்டை நல்லது என்று வாங்குவதும் இதனால்தான்.

மூன்றாவது, எண்ட்ஷேக். சிலிண்டர் முன்னும் பின்னும் நகரும் அளவு. சிலிண்டரை மூடி, பின்பக்கமாகத் தள்ளிப் பிடித்து, குழலுக்கும் சிலிண்டருக்கும் நடுவே உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் அளங்கள். அடுத்து முன்பக்கமாகத் தள்ளிப் பிடித்து அளங்கள். ஒரு உதாரணம்: பின்னால் தள்ளியபோது ஆயிரத்தில் எட்டு, முன்னால் தள்ளியபோது ஆயிரத்தில் ஆறு. வித்தியாசம் இரண்டு. அதுதான் எண்ட்ஷேக். மூன்றுக்குள் இருந்தால் நிம்மதி. ஐந்தைத் தாண்டினால் சரிசெய்ய வேண்டும். மெல்லிய வளையத் தகடு போட்டுச் சரிசெய்யலாம், பெரிய செலவில்லை. ஆனால் சரிசெய்யாமல் கனமான மேக்னம் சுட்டுக்கொண்டே இருந்தால் அடி விழ விழ அதிகமாகும்.

இடைவெளியைப் பொறுத்தவரை ஆயிரத்தில் நான்கிலிருந்து எட்டு வரை நல்லது. பத்தைத் தாண்டினால் வாயு பக்கவாட்டில் அதிகம் சிதறும், குண்டின் வேகமும் குறையும். மூன்றுக்குக் கீழே போனால் சூட்டிலும் கரியிலும் சிலிண்டர் உரசிச் சிக்கலாம். இந்த இரண்டு எண்களையும் ஒரு சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். விலை பேசும்போது ‘தேய்ந்த மாதிரி இருக்கிறதே’ என்று சொல்வதற்கும் ‘எண்ட்ஷேக் ஆறு இருக்கிறது’ என்று சொல்வதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. இரண்டாவதைக் கேட்டதும் கடைக்காரரின் பேச்சே மாறும்.

நான்காவது, ஹேமரை முழுதாக இழுத்து நிறுத்தி, ட்ரிகரைத் தொடாமல், ஹேமரின் பின்புறத்தைக் கட்டைவிரலால் மிதமாக முன்னால் தள்ளுங்கள். விழக் கூடாது. விழுந்தால் உள்ளே பற்களை யாரோ அராவியிருக்கிறார்கள். பாதுகாப்புக் குறை இது. இதற்கு விலை குறைத்துக் கேட்காதீர்கள், வாங்காமல் வந்துவிடுங்கள்.

கடைசியாக, சிலிண்டரைத் திறந்து சுழற்றி விட்டு, முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எஜெக்டர் கம்பியின் (காலி ஓடுகளை வெளியே தள்ளுவது) நுனியைப் பாருங்கள். கம்பி வளைந்திருந்தால் நுனி தள்ளாடும். மூடித் திறக்கும்போது ஏதோ ஓர் அறையில் மட்டும் இறுகினாலும் இதே சந்தேகம்தான்.

குழலும் அறைகளும்

சிலிண்டரைத் திறந்து வைத்து, வெள்ளைக் காகிதத்தை ஃப்ரேமின் பின்பக்கம் பிடித்து டார்ச் அடித்தால் குழலுக்குள் வெளிச்சம் பாயும். வாய்ப்பக்கமிருந்து பாருங்கள். குழலுக்குள் சுருளாக ஓடும் உள்வரிகள் தெளிவாகத் தெரிய வேண்டும். நடுவில் எங்காவது ஒரு கரிய வளையம் நிழல்போல் தெரிந்தால் கவனம். ஒரு குண்டு குழலுக்குள் மாட்டி நிற்க, அதன் மேல் அடுத்ததைச் சுட்டதால் குழல் உப்பிய அடையாளம் அது. வெளியே விரலால் தடவினாலும் சிலசமயம் மேடு தட்டுப்படும். குழலை மாற்றத்தான் வேண்டும்.

குண்டு சிலிண்டரிலிருந்து குழலுக்குள் நுழையும் புனல் வடிவ வாய், ஃபோர்சிங் கோன், அடுத்தது. டார்ச் அடித்து, குறிப்பாகக் கீழ்ப்பக்கம், ஆறு மணி திசையில், மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். 686இல் இது அபூர்வம். மாடல் 66இல் இதுதான் முதல் சோதனை. 66 கொஞ்சம் சிறிய ஃப்ரேம். சிலிண்டரைத் தாங்கும் கைக்கு இடம் விடுவதற்காகக் குழலின் அடிப்பக்கத்தைச் செதுக்கித் தட்டையாக்கியிருப்பார்கள். அந்த மெல்லிய இடம், 125 கிரெய்ன் எடையுள்ள குண்டு கொண்ட வேகமான மேக்னம் தோட்டாக்களைத் தொடர்ந்து சுட்டால் பிளக்கும். இந்த அனுபவத்திலிருந்துதான் கொஞ்சம் பெரிய ஃப்ரேமில் 686ஐயே உருவாக்கினார்கள். பழைய 66க்கு மாற்றுக் குழல் கிடைப்பது கஷ்டம். விரிசல் இருந்தால் எந்த விலைக்கும் வேண்டாம்.

ஃபோர்சிங் கோனுக்கு நேர் மேலே ஃப்ரேமில் வாயு அறுத்த மெல்லிய கோடு இருக்கலாம். பயப்பட வேண்டாம். ஓரளவு ஆழம் போனபின் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். நிறைய மேக்னம் சுட்டிருக்கிறார்கள் என்ற தகவலாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அறைகளில் ஸ்னாப் கேப்பைப் போட்டு, எளிதாக உள்ளே போகிறதா என்று பாருங்கள். .38 ஸ்பெஷல் நீளம் குறைவு. அதையே வருடக்கணக்கில் சுட்ட சிலிண்டரில், அது முடியும் இடத்தில் கரி வளையமாகப் படிந்து .357ஐ உள்ளே போகவிடாமல் தடுக்கும். பித்தளை பிரஷ்ஷும் கரைப்பானும் போட்டால் போய்விடும். அடியில் அரிப்பு இல்லாதவரை இது குறையே இல்லை.

போலீஸ் துறைகள் கழித்துவிட்ட துப்பாக்கிகளைப் பற்றி ஒரு வார்த்தை. 1980, 90களில் அமெரிக்கப் போலீஸ் பிஸ்டலுக்கு மாறியபோது மாடல் 64 போன்ற ஸ்டெயின்லெஸ் ரிவால்வர்கள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன. வருடக்கணக்கில் உறையில் கிடந்து வெளியே கீறல் விழுந்திருக்கும், சுட்டது குறைவாக இருக்கும். பாலிஷ் போட்டு மின்னும் ஒன்றைவிட, கீறல் விழுந்து அளவுகள் சரியாக வரும் போலீஸ் துப்பாக்கிக்கு நான் தயங்காமல் காசு கொடுப்பேன்.

இனி விலை

கேட்கும் விலையைப் பார்த்து மதிப்பிடாதீர்கள். யாரும் எதையும் கேட்கலாம். ஏலத் தளங்களில் முடிந்த ஏலங்களை மட்டும் வடிகட்டி, உண்மையில் கைமாறிய விலையைப் பாருங்கள். அதே மாடல், அதே கோடு எண், அதே குழல் நீளம், கடந்த இரண்டு மூன்று மாதங்களுக்குள் விற்றவை ஆறேழு எடுத்து, மிக உயர்ந்ததையும் மிகக் குறைந்ததையும் விட்டுவிடுங்கள். மிச்சத்தின் நடுப்புள்ளிதான் உங்கள் தொடக்கம். ஆண்டுதோறும் வரும் விலைப் புத்தகம் துணைக்கு நல்லது, ஆனால் நேற்றைய விற்பனைதான் உண்மை.

பூட்டுத் துளை உள்ள சாதாரண 686ஆக இருந்தால் இன்னொரு வரம்பும் உண்டு: இன்று புதியது என்ன விலைக்குக் கிடைக்கிறது? பழையது அதை நெருங்கினால் புதியதை வாங்குவதே நல்லது. கம்பெனியின் வாழ்நாள் சேவை முதல் உரிமையாளருக்குத்தான். பழையதை வாங்கும்போது அதை நீங்கள் இழக்கிறீர்கள், அதற்கும் விலையில் இடம் வேண்டும்.

கணக்குக்கு வசதியாக எண்களை வைத்துப் பார்ப்போம். இவை சந்தை விலை அல்ல. நடுப்புள்ளி 800 டாலர் என்று வையுங்கள். முன்னால் இருப்பதில் ஒரிஜினல் மரக் கைப்பிடி இல்லை, ரப்பர்தான் இருக்கிறது. அந்த மரக் கைப்பிடியைத் தனியாக வாங்க 75 ஆகும் என்றால் 725. எண்ட்ஷேக் ஆறு, துப்பாக்கி மெக்கானிக்கிடம் கேட்டால் சரிசெய்ய 70 என்கிறார். அதைக் கழித்தால் 655, போய்வரும் அலைச்சலுக்கு இன்னும் கொஞ்சம். எழுத்துகள் மழுங்கும்படி பாலிஷ் போட்டிருக்கிறார்கள். இதைச் சரிசெய்ய வழியே இல்லை, நீங்கள் திரும்ப விற்கும்போதும் இதே பேச்சு வரும். அதனால் பத்து சதவீதம் குறைத்துக் கேட்பது நியாயம். ஆக 580 பக்கத்தில் வந்து நிற்கிறது. 560இல் பேச்சைத் தொடங்கி, 600க்கு மேல் போவதில்லை என்று மனதில் வைத்துக்கொள்ளலாம்.

மறுபக்கம் ஒரிஜினல் பெட்டி, சீரியல் எண் ஒத்துப்போகும் லேபிள், கையேடு இருந்தால் கூடுதல் கொடுக்கலாம். உறை, தோட்டா, சுத்தம் செய்யும் கிட் என்று சேர்த்துக் கொடுப்பதாகச் சொன்னால், உங்களுக்கு எதற்கு உண்மையில் பயன் என்று பார்த்து அதற்கு மட்டும் மதிப்பு வையுங்கள். உள்ளே மாற்றிய ஸ்பிரிங்குக்கும் ‘கஸ்டம் ட்ரிகர் வேலை’க்கும் வேலை செய்தவரின் ரசீது இல்லாமல் ஒரு டாலரும் கூட்டாதீர்கள்.

பேரம் பேசும்போது துப்பாக்கியை மட்டம் தட்ட வேண்டாம். அளந்து எழுதிய சீட்டை எடுத்து, “இது இது பிடித்திருக்கிறது, இது சரிசெய்ய வேண்டியிருக்கிறது, என்னால் இவ்வளவு முடியும்” என்று சொன்னால் போதும். கார்டுக்குப் பதிலாகக் கையில் காசு என்றால் பல கடைகளில் கொஞ்சம் குறையும்.

ஆன்லைனில் வாங்கினால்

சிலிண்டரின் முன் முகம், ஃபோர்சிங் கோன், குழலின் வாய், மாடல் எண் உள்ள குழிவு, பக்கத் திருகுகள், கைப்பிடிக்கு அடியில் உள்ள ஃப்ரேம் எல்லாவற்றுக்கும் நெருக்கமான படம் கேளுங்கள். எண்ட்ஷேக்கும் இடைவெளியும் அளந்து சொல்ல முடியுமா என்றும் கேளுங்கள். பதில் வருகிற விதத்திலேயே விற்பவருக்கு எவ்வளவு தெரியும் என்று புரிந்துவிடும். ஏலத்தொகையோடு முடிவதில்லை: அனுப்பும் செலவு, உங்கள் ஊர் வியாபாரிக்கான மாற்றுக் கட்டணம், மாநில விற்பனை வரி, சிலர் கேட்கும் மூன்று சதவீதக் கார்டு கட்டணம். இவை சேர்ந்து 600 டாலர் துப்பாக்கியை எளிதாக 700க்கு மேல் கொண்டுபோய்விடும். ஏலம் கேட்கும் முன்பே உச்சவரம்பிலிருந்து இவற்றைக் கழித்துவிடுங்கள்.

மிக முக்கியமானது: பல விற்பனையாளர்கள் துப்பாக்கி வந்தபின் பார்த்துத் திருப்ப மூன்று நாள் தருவார்கள். ஆனால் 4473 படிவத்தை நிரப்பி உங்கள் பெயருக்கு மாற்றிக்கொண்டால் அந்த வசதி பெரும்பாலும் போய்விடும். அதனால் மேலே சொன்ன சோதனைகள் அத்தனையையும் வியாபாரியின் கவுண்டரில், படிவத்தில் பேனா வைப்பதற்கு முன்பே செய்யுங்கள்.

வாங்கிய பிறகு

ரசீதில் மாடல், சீரியல் எண் இரண்டும் சரியாக இருக்கிறதா பாருங்கள். வீட்டில் பூட்டி வைக்க இடம் தயாராக இல்லாமல் துப்பாக்கியைக் கொண்டுவராதீர்கள், குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. நன்றாகச் சுத்தம் செய்து, எண்ணெய் போட்டு, சுடும் பயிற்சி இடத்தில் கண் கண்ணாடியும் காதுக் காப்பும் அணிந்து, முதலில் .38 ஸ்பெஷலில் தொடங்குங்கள். ஒவ்வொரு ஆறு சுட்டபின்னும் காலியான ஓடுகளின் அடியைப் பாருங்கள். ஊசி குத்திய குழி நடுவில் இருக்க வேண்டும், ஆறிலும் ஒரே ஆழம் இருக்க வேண்டும். நடுவைவிட்டு விலகியிருந்தால் அந்த அறையை அடையாளம் வைத்து டைமிங்கை மறுபடி பாருங்கள். பக்கத்தில் நிற்பவர் மேல் ஈயத் துணுக்கு தெறிக்கிறது என்றாலும் அறையும் குழலும் நேராகச் சேரவில்லை என்று அர்த்தம்; அன்றைக்குச் சுடுவதை நிறுத்திவிட்டு மெக்கானிக்கிடம் கொடுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் .357க்குப் போகலாம். ஐம்பது தோட்டா சுட்டபின் வீட்டில் மறுபடி எண்ட்ஷேக் அளந்து, கடையில் எழுதிய சீட்டிலேயே பக்கத்தில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.